உடல் நலத்திற்கு எது அளவுகோல்?

ஒரு காலத்தில் நம் ரயில் நிலையங்களில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். ஏறி நின்று காசைப் போட்டால், சிறு அட்டையொன்று வந்து விழும். ஒரு பக்கத்தில் நம் எடை. மறுபக்கத்தில் நம் எதிர்காலம்! எதிர்காலப் பலனைப் படித்துச் சிரித்துவிட்டு, எடையை மட்டும் வேதவாக்காகக் கொண்டோம். அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அந்த நம்பிக்கை மறையவில்லை. மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் காலையில் உலாவும்போது, "ஒரு மாதமாக நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையவில்லையே!" என்னும் சலிப்புக் குரலை நான் அடிக்கடி கேட்கிறேன். அந்தச் சலிப்பினாலேயே நடையைக் கைவிடுவோர் பலர். இது நியாயந்தானா?

எடை என்பது எலும்பு, தசை, கொழுப்பு, நீர் ஆகிய யாவற்றின் கூட்டுத்தொகை. ஒரு செம்பு தண்ணீர் அருந்தினால் ஏறும், வியர்த்தால் இறங்கும். பயிற்சியினால் கொழுப்புக் குறைந்து, அதே எடைக்குத் தசை கூடினால், முள் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இதற்கு ஒரு சான்று கூறுகிறேன். புனே நகரத்து மருத்துவர் யாக்னிக், லண்டன் மருத்துவர் யூட்கின் ஆகிய இருவரும் தங்களையே ஒப்பிட்டு, 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் குறியீட்டு எண் இருவருக்கும் 22.3. ஆனால், உடலிலிருந்த கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் உள்ளே கொழுப்பு மிகுந்திருத்தல் நம் நாட்டவரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சூழும் கொழுப்பு, இன்சுலினின் வேலையைக் கெடுத்து நீரிழிவுக்கு வழி கோலுகிறது.

ஆகையால்தான், சென்னை கோபாலபுரத்திலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில், டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 2005-இல் வகுத்த அபாய மதிப்பெண் முறையில் எடைக்கு இடமே இல்லை. அதில் வினாக்கள் நான்கே: வயது என்ன? பெற்றோருக்கு நீரிழிவு உண்டா? இடுப்பின் சுற்றளவு எவ்வளவு? உடலுழைப்பு எவ்வளவு? மொத்தம் 100 மதிப்பெண். 60-ம் அதற்கு மேலும் பெற்றால் அபாயம் மிகுதி. மதிப்பெண் குறையக் குறைய மகிழவேண்டிய தேர்வு இது! வயதையும் பெற்றோரையும் நாம் மாற்ற இயலாது. ஆனால், உடலுழைப்பே இல்லாதவருக்கு விழும் 30 மதிப்பெண், நன்கு உழைப்பவருக்குச் சுழியாகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டாதிருந்தால், அங்கும் சுழியே. அதை அளக்கத் தையற்காரரின் நாடா போதும்.

நம் கையிலேயே வேறொரு கருவியும் இருக்கிறது, அதுதான் நாடித்துடிப்பு. காலையில் படுக்கையைவிட்டு எழுமுன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பயிற்சியினால் வலுப்பெற்ற இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைச் செலுத்துவதால், துடிப்புகளின் எண்ணிக்கை குறைகிறது. பெரியவர்களுக்கு அது 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கு 60-க்கும் கீழே இறங்குவதுண்டு.

ஆற்றலை அளக்கவும் வழியுண்டு. 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதைக் கொண்டு அவருடைய திறனை மதிக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் காட்டினார். உடல்நிலை இடந்தருமாயின், அடையாற்றை அடுத்த எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஓட இயலாதவர் நடக்கலாம். மாடிப்படிகளை மூச்சு வாங்காமல் ஏற முடிகிறதா என்று கவனிக்கலாம்.

மாணவ நண்பர்களே, மெலிய வேண்டுமென்று காலை உணவைத் துறக்கும் இளைஞரும் யுவதிகளும் உங்களிடையே இருக்கக்கூடும். பட்டினியால் எடை குறையும்; கூடவே தசையும் குறையும். தராசு அதையும் வெற்றி என்றே காட்டும்! ஆகவே, ஒரு குறிப்பேட்டில் இடுப்பளவு, நாடித்துடிப்பு, 12 நிமிடத்தில் கடந்த தூரம் ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை எழுதி வாருங்கள். முந்திய மாதத்து எண்களோடு மட்டுமே அவற்றை ஒப்பிடுங்கள். அடுத்தவருடைய எண்கள் உங்களுக்கு வேண்டா.