வீட்டில் ஊஞ்சல் அமைக்கும் முன்பு

கோடை விடுமுறை தொடங்கிச் சில நாள்கள் கழிந்ததும், குழந்தைகள் எலும்பியல் பிரிவின் புறநோயாளர் பகுதியில் முழங்கைக் காயத்துடன் வரும் சிறுவர் சிறுமியரின் எண்ணிக்கை கூடுவதை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். எங்கே விழுந்தாய் என்று கேட்டால் மிதிவண்டி, மரம், மாடிப்படி, ஊஞ்சல் என்று விடைகள் வரும். இவற்றுள் ஊஞ்சலைப் பற்றித் தனியே எழுதக் காரணம் உண்டு. மற்றவை குழந்தை தானே தேடிச் செல்பவை. ஊஞ்சலோ குழந்தையின் மகிழ்ச்சிக்காக நாமே வாங்கி, நாமே மாட்டிக்கொடுப்பது. ஆகவே அதன் பாதுகாப்பும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு மாலையில், ஆறு வயதுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பெரியவர் ஒருவர் வந்தார். மொட்டை மாடியில் அவர் கையாலேயே மாட்டிய ஊஞ்சல். வேகமாக ஆடும்போது பிடி நழுவி, குழந்தை கையை ஊன்றியபடி சிமெண்ட் தளத்தில் விழுந்திருந்தாள். வீட்டில் எண்ணெய் தடவி, மூங்கில் பட்டை வைத்து, முழங்கையை இறுகக் கட்டியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது விரல்கள் வெளிறிக் குளிர்ந்திருந்தன. முதலில் கட்டைப் பிரித்தோம். அன்றிரவே மயக்க மருந்து கொடுத்து, எலும்பை நேராக்கிக் கம்பிகள் செலுத்தி நிலைநிறுத்தினோம். விரல்களுக்கு நிறம் திரும்பியது.

மறுநாள் காலை அந்தப் பெரியவர், “ஊஞ்சலை இன்றைக்கே கழற்றி எறிந்துவிடுகிறேன், டாக்டர்” என்றார். “கழற்றுங்கள் ஐயா, ஆனால் எறிய வேண்டாம். இடத்தை மாற்றி மாட்டுங்கள்” என்றேன். அன்று அவரிடம் சொன்னவற்றையும், சொல்ல நேரமில்லாமல் போனவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஊஞ்சல் ஏன் வேண்டும்?

ஊஞ்சல் ஆடுவது வெறும் பொழுதுபோக்கு அன்று. நம் உள்காதில் உள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்த உறுப்புகளும் உடலின் அசைவையும் சாய்வையும் மூளைக்கு உணர்த்துகின்றன. முன்னும் பின்னும் ஆடும்போது இந்த உணர்வும், கண் காண்பதும், தசைகள் உணர்வதும் ஒருங்கே இயங்கப் பழகுகின்றன. கால்களை எப்போது நீட்டுவது, எப்போது மடக்குவது என்று குழந்தை தானே கண்டுபிடிக்கும்போது உடலின் ஒத்திசைவு வளர்கிறது. கைப்பிடியும் முதுகுத் தசைகளும் வலுப்பெறுகின்றன. விபத்துக்கு அஞ்சி இதையெல்லாம் குழந்தைக்கு மறுப்பது சரியான தீர்வாகாது. விழுந்தாலும் பெருங்காயம் ஏற்படாதவாறு இடத்தை அமைப்பதே தீர்வு.

எலும்பை முறிப்பது தரை

ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 5 அடி உயரத்திலிருந்து விழும் குழந்தை, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இந்த வேகம் மணலில் விழுந்தாலும் சிமெண்டில் விழுந்தாலும் ஒன்றுதான். ஆனால் மணல் சில அங்குலம் உள்வாங்கி, அந்த வேகத்தைச் சற்று நேரம் எடுத்துத் தணிக்கிறது. சிமெண்ட் தளம் அணுவளவும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த அதிர்ச்சி முழுவதையும் எலும்பே தாங்க வேண்டியதாகிறது.

எனவே மொட்டை மாடி, போர்ட்டிகோ, சிமெண்ட் முற்றம், கல் பாவிய தரை ஆகியவை ஊஞ்சலுக்கு ஏற்றவை அல்ல. புல்தரை போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஊஞ்சலுக்கு அடியில் கால்கள் உரசி உரசிப் புல் சில வாரங்களிலேயே மறைந்துவிடும். அதன்பின் எஞ்சுவது வெயிலில் இறுகிய மண். மெல்லிய விரிப்புகளும் இந்த உயரத்து விழுதலைத் தாங்குவதில்லை.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வீட்டு விளையாட்டுக் கருவிகளுக்கு வகுத்த வழிகாட்டுதல் இங்கே பயன்படும். 5 அடி உயரம் வரையுள்ள கருவிக்கு அடியில் குறைந்தது 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. காலப்போக்கில் அமுங்கும் என்பதால் தொடக்கத்தில் 12 அங்குலம் நிரப்புவது நல்லது. களிமண் கலந்த மணல் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் கட்டியாகிவிடும். கலப்பில்லாத மணலையே போடுங்கள். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிடுங்கள். பூனையும் நாயும் அசுத்தம் செய்யாதிருக்க, இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

எவ்வளவு இடம் தேவை?

ஊஞ்சல் தொங்கும் குறுக்குக் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரம் முன்புறமும், அதே அளவு பின்புறமும் வெற்றிடமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் சட்டத்தைச் சுற்றி 6 அடி விட வேண்டும். கம்பி 7 அடி உயரத்தில் இருந்தால் முன்னே 14 அடி, பின்னே 14 அடி. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளின் பின்புறத்தில் இவ்வளவு இடம் இருப்பதில்லை. அதற்காக விதியைக் குறைக்க வேண்டாம். ஊஞ்சலின் உயரத்தைக் குறையுங்கள். 5 அடி உயரக் கம்பிக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து அடி போதும். சிறு குழந்தைக்கு அந்த உயரமே தாராளம்.

அந்த எல்லைக்குள் துவைகல், தண்ணீர்த் தொட்டி, கிணற்றுச் சுவர், கொடிக்கயிறு, பூந்தொட்டி எதுவும் இருக்கலாகாது. கழிவுநீர்த் தொட்டியின் மூடிமேல் சட்டத்தை நிறுத்தாதீர்கள். மேலே மின்கம்பி செல்கிறதா என்று பாருங்கள். சமையலறைச் சன்னலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடமாகவும், பிற்பகலில் நிழல் விழும் இடமாகவும் இருந்தால் மிக நன்று. கோடையில் வெயில் பட்ட இரும்பு இருக்கையும் சங்கிலியும் சிறு குழந்தையின் மென்தோலைச் சுட்டுவிடும். உட்காரவைக்கும் முன் தொட்டுப் பாருங்கள்.

எதில் தொங்கவிடுவது?

ஊஞ்சல் ஆடும்போது கொக்கிமேல் விழும் பாரம் குழந்தையின் எடை மட்டுமன்று. சங்கிலி நேர்நிலையிலிருந்து 60 பாகை வரை உயர்ந்து இறங்கினால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது எடையைப்போல் இரு மடங்கு இழுவிசை உண்டாகிறது. 70 கிலோ எடையுள்ள மாமாவோ சித்தப்பாவோ ஒரு நாள் ஆசைக்கு உட்கார்ந்து அவ்வாறு ஆடினால் அது 140 கிலோ. ஆகவே குழந்தைக்கு இது போதும் என்ற கணக்கு இங்கே உதவாது.

இரும்புச் சட்டம் வாங்குவதாயின் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் செய்ததை வாங்குங்கள். கடற்கரை ஊர்களில் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு காலையும் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு ஊன்ற வேண்டும். வெறுமனே தரைமேல் வைத்த சட்டம் வேகமாக ஆடும்போது பின்பக்கக் கால்கள் எழும்பிக் கவிழக்கூடும். கான்கிரீட்டின் மேற்பரப்பு மணலுக்குக் கீழே மறைந்திருக்க வேண்டும். ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி இறுகவிட்ட பிறகே ஊஞ்சலை மாட்டுங்கள். தோண்டும் முன் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எந்த வழியாகச் செல்கின்றன என்று கேட்டறியுங்கள்.

தனியாக நிற்கும் செங்கல் தூணிலோ, சுற்றுச்சுவரிலோ, வாயிற்கதவுத் தூணிலோ ஊஞ்சலையோ வலை ஏணையையோ ஒருபோதும் கட்டாதீர்கள். செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் சரியும். அப்படிச் சரிவது ஆடும் குழந்தையின் மேலேயே விழும். கூரையில் மாட்டுவதானால் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் உத்தரத்தில், கட்டடம் அறிந்தவரைக் கொண்டே கொக்கி பொருத்துங்கள்.

மரக்கிளையில் கட்டுவோர் பச்சைக் கிளையா, பட்ட கிளையா என்று முதலில் பாருங்கள். முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பது நாம் அறிந்ததே; பருமனைக் கண்டு ஏமாற வேண்டாம். தேங்காய் நார்க் கயிறு மழையில் இற்றுப்போகும். நைலான் கயிறு பார்வைக்குப் புதிதாகவே இருந்தாலும் வெயிலில் வலுவிழக்கும்.

எந்த இருக்கை, எந்த வயதுக்கு?

கழுத்து நன்றாக நின்று, துணையின்றி உட்காரத் தெரிந்த பிறகே குழந்தையை ஊஞ்சலில் வைக்கலாம். அதன்பின் 4 வயது வரை, நான்கு புறமும் தாங்கும் தொட்டில் வடிவ இருக்கை ஏற்றது. பெரிய குழந்தைகளுக்கு ரப்பர் அல்லது மென்மையான பிளாஸ்டிக் பட்டை இருக்கை நல்லது. மரப்பலகையும் இரும்பு இருக்கையும் கனமானவை. ஆடுபவருக்கு அவற்றால் தீங்கில்லாமல் போகலாம். குறுக்கே ஓடிவரும் குழந்தையின் தலையில் அவை மோதினால் மண்டை எலும்பு உடையும். கூடத்தில் பெரிய பலகை ஊஞ்சல் உள்ள வீடுகளில், தவழும் குழந்தை இருக்கும் காலம்வரை பலகையை உயர்த்திக் கட்டிவையுங்கள்.

ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சல்களுக்கு மேல் வேண்டாம். இரண்டுக்கும் இடையே 24 அங்குலமும், ஊஞ்சலுக்கும் சட்டத்தின் காலுக்கும் இடையே 30 அங்குலமும் இருக்கட்டும். ஏணி, கைப்பிடிச் சட்டம் உள்ள தொகுப்பு வாங்கினால் இடைவெளிகளை அளந்து பாருங்கள். மூன்றரை அங்குலத்துக்கு மேலும் 9 அங்குலத்துக்குக் கீழும் உள்ள இடைவெளியில் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். கொக்கிகளின் வாய் முற்றும் மூடியிருக்க வேண்டும். திறந்த கொக்கி ஆடையையும் பிடிக்கும், சங்கிலியையும் நழுவவிடும்.

சேலை ஊஞ்சல்

இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. கைக்குழந்தைக்குத் தூளி கட்டுவது நம் வழக்கம். அந்தச் சேலையை அப்படியே தொங்கவிட்டால், பெரிய குழந்தைகள் அதில் ஏறிச் சுழன்று விளையாடுவார்கள். முறுக்கேறிய துணி கழுத்தைச் சுற்றி இறுகினால் சில வினாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிர் போகும். குழந்தையால் கத்த இயலாது. அடுத்த அறையில் இருப்பவருக்குக் கூட எதுவும் கேட்காது. தூளியிலிருந்து கைக்குழந்தையை எடுத்ததும் துணியை அவிழ்த்துவிடுங்கள், அல்லது கைக்கெட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டுங்கள். துப்பட்டா, கழுத்துக் கயிறு, சங்கிலி ஆகியவற்றை அணிந்தபடி எந்த ஊஞ்சலிலும் குழந்தையை ஏற்றாதீர்கள்.

விழுந்துவிட்டால்

முழங்கை வீங்கினாலோ, கையை அசைக்க மறுத்தாலோ, எலும்பு முறிவு என்றே கொள்ளுங்கள். எண்ணெய் தடவி நீவ வேண்டாம். இழுத்து நேராக்க வேண்டாம். இறுகக் கட்ட வேண்டாம். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தால் கைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அருகிலேயே இருக்கிறது. வீக்கத்தின்மேல் இறுக்கமான கட்டும் சேர்ந்தால் இரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்தில் தசைகள் அழியத் தொடங்கி, கை நிரந்தரமாக மடங்கிப் போகும் நிலையும் உண்டு. அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ அணைத்து, கை இருக்கும் நிலையிலேயே தளர்வாகத் துணியால் தாங்கிக் கொண்டுவாருங்கள். வளையல், மோதிரம், கறுப்புக் கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். விரல்களின் நிறத்தையும் அசைவையும் வழியெல்லாம் கவனியுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை உணவு தர வேண்டாம்.

தலையில் அடிபட்டிருந்தால், நினைவு தப்புதல், மீண்டும் மீண்டும் வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் தாமதியாமல் வாருங்கள். கழுத்தில் வலி இருந்தால் குழந்தையை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வலிப்பு நோய், இரத்தம் உறையாக் குறைபாடு, எளிதில் முறியும் எலும்பு, தசைத் தளர்வு ஆகியவை உள்ள குழந்தைகளின் பெற்றோர், ஊஞ்சல் வாங்கும் முன் தங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்ற விடை வராது. முதுகும் தலையும் தாங்கும் இருக்கை, இடுப்பு வார், உடன் ஒருவர் நிற்பது என்று வழி சொல்லப்படும்.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

• கொக்கி, சங்கிலி, கயிறு: தேய்மானம், துரு, பிரிந்த இழை.
• நட்டும் போல்ட்டும்: தளர்ந்தவற்றை முடுக்குதல், நீட்டிய முனைகளுக்கு மூடி.
• சட்டத்தின் கால்கள்: கையால் அசைத்துப் பார்த்தல்.
• மரப் பகுதி: கரையான், விரிசல், சிராய்.
• மணல்: 9 அங்குல ஆழம் இருக்கிறதா என்று குச்சியால் அளத்தல்.
• வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் இவை அனைத்தையும் மீண்டும் ஒருமுறை பார்த்தல்.

அந்தப் பெரியவர் மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் பேத்தியுடன் வந்தார். அவளால் முழங்கையை முழுதாக மடக்கவும் நீட்டவும் முடிந்தது. அவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வீட்டின் பின்புறம், பழைய துவைகல்லைப் பெயர்த்தெடுத்த இடத்தில், தாழ்வான ஒரு சட்டம், அடியில் மணல், அதில் இன்னும் இருக்கை மாட்டப்படவில்லை. “நீங்கள் சொன்ன பிறகு மாட்டலாம் என்று வைத்திருக்கிறேன்” என்றார். மாட்டலாம் என்றேன். அதைக் கேட்டதும் அந்தக் குழந்தை என்னைப் பார்க்கவில்லை, தாத்தாவைத்தான் பார்த்தாள்.