முதற் புகைவண்டி போய் நின்ற ஊர்

லைப்சிக் நகரிலிருந்து வூர்ட்சன் பக்கமாகப் புகையிரதத்தில் செல்லும் எம்மவர்கள், போர்ஸ்டோர்ப் நிலையத்துக்கு அண்மையிலுள்ள அல்தென் என்ற சிற்றூரைக் கவனித்திருக்க மாட்டார்கள். அங்கு இன்று வண்டி நிற்பதில்லை. ஆயினும் 1837 ஏப்ரல் 24 அன்று லைப்சிக் - டிறெஸ்டன் பாதையின் முதற் பகுதி திறக்கப்பட்டபோது, வண்டி போய் நின்ற இடம் அதுவே. ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தூரந்தான். யேர்மனியின் முதலாவது நெடுந்தூரப் புகையிரதப் பாதை அவ்வயல்வெளியில்தான் சிறிது காலம் முடிவுற்றிருந்தது. 'கொமெற்', அதாவது வால்வெள்ளி எனப் பெயரிடப்பட்ட இயந்திரம், இங்கிலாந்திலிருந்து கழற்றிய நிலையிலே பெட்டிகளில் வந்து சேர்ந்தது.

அல்தெனின் பெருமை நெடுநாள் நீடிக்கவில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே பாதை கிழக்கே நீண்டது. 1839 ஏப்ரலில் டிறெஸ்டன் வரை வண்டி ஓடலாயிற்று. முடிவிடம் என்ற தகுதி போனதும் நிலையமும் வழக்கொழிந்தது.

இப்பாதைக்காக ஓயாது வாதாடிய பிறீட்றிக் லிஸ்ற், நம்மைப் போல ஓர் அகதி. வூர்ட்டம்பேர்க் அரசை விமர்சித்தமைக்காக 1822 இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, தப்பியோடி, திரும்பிவந்து சிறைப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறுவதென்ற நிபந்தனையின் பேரில் விடுதலையாகி, 1825 இல் அமெரிக்கா சென்றவர். பின்னர் அமெரிக்கக் கொன்சலாக லைப்சிக் வந்தார். 1833 இல் அவர் வெளியிட்ட சிறுநூலே இத்திட்டத்துக்கு வித்திட்டது. 1835 இல் கம்பனியின் பங்குகள் ஒன்றரை நாளில் விற்றுத் தீர்ந்தன. இயக்குநர்களுள் அவருக்கு இடங்கிடைக்கவில்லை. 1846 இல் குப்ஸ்ரைனில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கொடிகாமத்துக்கு அருகே நாம் படிப்பித்த பள்ளியிற் சுவர்க்கடிகாரம் இருக்கவில்லை. யாழ்தேவியின் கூவல் கேட்டே மத்தியான மணி அடிப்போம். வண்டி பிந்தினால் பாடமும் நீளும். பிள்ளைகளின் முகங்கள் அன்று வாடியே இருக்கும். 1990 யூனில் அந்தக் கூவல் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. நிலையக் கட்டடங்களுக்குள் ஆலங்கன்றுகள் முளைத்தன. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டும் வந்தபோது, நாம் இங்கே தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். கூவல் வேறாக இருந்தது.

அல்தெனுக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை. அவ்வூரைக் காண விரும்புவோர் போர்ஸ்டோர்ப்பில் இறங்கி நடந்துதான் போகவேண்டும்.