காற்றுக்கேற்ற பாய்



மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்வோர்க்குக் காற்றின் குணத்தை எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து, வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி அது. ஆழம் குறைந்த நீராதலால், காற்றுச் சற்று வலுத்ததும் குறுகிய, நெருக்கமான அலைகள் எழுந்து தோணியை அலைக்கழிக்கும்.

தென்மேற்குப் பருவகாலத்தில் அங்கே வீசுவது கச்சான். மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கீழிறங்கும்போது சூடேறி வரும் காற்று அது. அது படுவான்கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. முகத்துவாரத்தின் அருகே பாய் விரித்துச் செல்பவன் கச்சான் வலுக்கும்போது தன் பாயை அடக்க அறியாவிடின், கரையை விட்டுக் கடலுக்கே தள்ளப்படுவான். ஆகவே பாயை விரிக்கக் கற்பவன் அதைச் சுருக்கவும் கற்றாக வேண்டும்.

இயந்திரம் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, எத்தனையோ இயந்திரப் படகுகள் கரையிலேயே கிடந்தன. காற்றுக்கு விலையுமில்லை, வரிசையில் நிற்கும் தொல்லையுமில்லை. ஆனால் அதன் அளவை நாம் கட்டளையிட முடியாது; பாயின் அளவை மட்டுமே மாற்றலாம்.

காற்றின் விசை, அதன் வேகத்தோடு ஒரே கணக்கில் வளர்வதில்லை. மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் வீசிய காற்று 20 கடல்மைல் ஆகும்போது, பாயின்மீது அது செலுத்தும் அழுத்தம் இருமடங்கன்று, நான்கு மடங்காகும். அந்நிலையில் முழுப் பாயுடன் ஓடும் படகு பக்கமாகச் சாயும், சுக்கான் சொற்கேளாது, நீர் உள்ளே புகும். பாயின் கீழ்ப்பகுதியை அடக்கினால் பரப்புக் குறைவதோடு, காற்றுத் தாக்கும் இடமும் தாழ்ந்து வருகின்றது. ஆதலால் படகு நிமிர்கின்றது.

இதே சிக்கலுக்கு நம் தீவின் தென்கரை மீனவர் வேறொரு விடை கண்டனர். புறக்கட்டை பூட்டிய அவர்களுடைய ஓடங்களில், காற்று வலுக்கும்போது ஆட்கள் அக்கட்டையின்மீது ஏறி நின்று எடை கொடுப்பர். எத்தனை பேர் ஏற வேண்டுமோ அதைக் கொண்டே காற்றையும் அளந்து, ‘ஓராள் காற்று’, ‘ஈராள் காற்று’ என்று பெயரிட்டு வழங்கினர். புறக்கட்டை இல்லாத படகில் அதற்கு வழியில்லை. அங்கே பாயைத்தான் குறைக்க வேண்டும்.

அதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று சுருட்டும் முறை. மற்றொன்று மடித்துக் கட்டும் முறை.

பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைமரத்தையே உருளைபோலச் சுழலச் செய்து, அதன்மேல் பாயைச் சுற்றுவது சுருட்டும் முறை. பாய்மரத்தருகே ஒரு பற்சக்கரமும் கைப்பிடியும் இருக்கும். ஒரு கையால் ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்தி, மறுகையால் கைப்பிடியைச் சுழற்றினால், வேண்டிய அளவு பாய் சுருண்டுவிடும். ஒருவரே செய்யலாம், முடிச்சுகள் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேனாட்டு உல்லாசப் படகுகளில் இக்கருவி பெருமதிப்புப் பெற்றிருந்தது.

ஆனால் படுக்கும் பாயைச் சுருட்டிப் பார்த்தவர்க்கு இதன் குறை விளங்கும். ஓரம் தடித்திருந்தால் சுருள் ஒருபுறம் பருத்துக் கோணிப்போகும். படகின் பாயிலோ, பாய்மரத்தை ஒட்டிய விளிம்பில் கயிறு தைத்திருப்பதால் அப்பக்கம் விரைவில் பருக்கின்றது. பின்பக்கம் மெல்லியதாகவே சுருள்கின்றது. அதனால் கிடைமரத்தின் பின்முனை தாழ்ந்து, ஓட்டுபவன் தலையைத் தட்டும் நிலை வரும். பாயின் நடுவில் துணி தளர்ந்து பை போலத் தொங்கும். பலத்த காற்றில் பாய் தட்டையாக இருக்க வேண்டும். இங்கோ அதற்கு மாறாக நடக்கின்றது. மேலும், சுழலும் மரத்தின் நடுவில் தாமான் கயிற்றை நேரே கட்ட இயலாது. அதற்கெனத் தனி வளையம் வேண்டும். உப்புநீர் பட்டுப் பற்சக்கரம் துருப்பிடித்து இறுகினால், தேவையான நேரத்தில் கருவி உதவாது.

மடித்துக் கட்டும் முறையோ, வாவியில் இறங்குபவர் சாரத்தை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டுவது போன்றது. இதுவே மிகப் பழைய முறை. பாயின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஒரே மட்டத்தில் வலுவான கண்கள் தைக்கப்பட்டிருக்கும். இத்தகைய வரிசைகள் இரண்டோ மூன்றோ இருக்கலாம்.

செய்யும் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் படகைக் காற்றின் பக்கம் திருப்பி, தாமானைத் தளர்த்திப் பாயின் பாரத்தைக் குறைக்க வேண்டும். பின்பு ஆஞ்சானைச் சிறிது இறக்கி, முன்கண்ணைப் பாய்மரத்தடியிலுள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். ஆஞ்சானை மீண்டும் இறுக்கிய பின், பின்கண்ணின் வழியே ஓடும் கயிற்றை இழுத்து, அக்கண்ணைக் கிடைமரத்தோடு சேர்த்து இறுக்க வேண்டும். நடுவில் தொங்கும் துணியைச் சிறு கயிறுகளால் தளர்வாகக் கட்டினால் போதும். காற்றின் பாரத்தை முன்கண்ணும் பின்கண்ணுமே தாங்க வேண்டும். நடுக்கயிறுகள் தாங்கினால் துணி கிழியும். அவிழ்க்கும்போதும் அந்நடுக்கயிறுகளையே முதலில் அவிழ்க்க வேண்டும்.

இம்முறையில் கயிறுகள் பல. குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே பாயைக் குறைக்கலாம். ஆயினும் பாய் தட்டையாக நிற்கும், கிடைமரம் தாழாது, பழுதானால் கடலிலேயே ஒரு துண்டுக் கயிற்றால் சரிசெய்யலாம். அதனாலேதான் 1970களிலிருந்து மேனாட்டுப் படகோட்டிகளும் பெரிய பாய்க்கு இப்பழைய முறையையே மீண்டும் நாடினர். சுருட்டும் முறை அடியோடு மறையவில்லை. படகின் முன்பாயை அதன் முன்கம்பியிலேயே சுருட்டி வைக்கும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கின்றது. அங்கே அது பொருத்தமான வேலை.

ஆகவே வாவியில் சிறு பாய்ப்படகு விட விரும்பும் இளைஞர்க்கு, விலையுயர்ந்த உருளையைவிட நான்கு கண்களும் இரண்டு கயிறுகளும் மேலானவை. கரையில் கட்டிய படகிலே, காற்று மெலிந்த காலை வேளையில், கண்ணை மூடிக்கொண்டும் செய்யக்கூடியவாறு இதைப் பழகிக்கொள்ளல் நன்று. கச்சான் வலுத்தபின் பழகத் தொடங்குவது காலம் கடந்த கல்வி.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற சூறாவளிக்கு எந்த மடிப்பும் ஈடாகாது. வானிலை எச்சரிக்கை வந்தால், பாயைச் சுருக்குவதன்று, பாயைக் கழற்றிப் படகைக் கரையேற்றுவதே அறிவுடைமை. மற்றைய நாட்களில், பாயைக் குறைக்கலாமா என்ற ஐயம் மனத்தில் எழுந்த அக்கணமே, குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.