புழுவுக்கென்றே ஒரு வயல் விதைக்கிறார்கள், தெரியுமா?

பட்டுப்புழுவைக் கொன்ற கிருமிதான் இன்று அமெரிக்க மக்காச்சோளத்துக்குக் காவல் நிற்கிறது, தெரியுமா? 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரெனத் துவண்டு விழுந்தன. நோய்ப்பட்ட புழுக்களிலிருந்து இஷிவாட்டா என்ற ஆய்வாளர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பட்டு வளர்ப்பவருக்கு அது எமன். பத்து வருஷம் கழித்து, ஜெர்மனியின் துரிஞ்சியாவில் மாவு அந்துப்பூச்சியின் புழுக்களில் அதே கிருமியைக் கண்டார் எர்ன்ஸ்ட் பெர்லினர். அந்தப் பகுதியின் பெயரையே அதற்கு வைத்தார்: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். பி.டி. பருத்தி என்கிறோமே, அந்த 'பி.டி.' இதுதான்!

இது கொல்லும் விதம் இருக்கிறதே, அதுதான் அதிசயம். பாக்டீரியா தன் உடம்புக்குள் கற்கண்டுத் துணுக்கு மாதிரி ஒரு புரதப் படிகத்தைச் செய்து வைத்துக்கொள்கிறது. நம் இரைப்பையில் இருப்பது புளிப்பு. புழுவின் குடலில் இருப்பதோ காரம். அந்தக் காரத்தில் படிகம் கரைகிறது. ஜீரணிக்கத்தானே என்று குடல் நொதிகள் அதை நறுக்க, நறுக்கிய பிறகுதான் விஷமே விழிக்கிறது! புழுவின் குடலே கத்தி தீட்டிக் கொடுக்கிறது. விஷம் குடல் சுவரில் தனக்கான இடத்தில் ஒட்டி ஓட்டை போடும். சில மணி நேரத்தில் தீனி நின்றுவிடும், சில நாளில் ஆளே காலி. அது ஒட்டிக்கொள்ளும் அந்த இடம் நம் குடலில் கிடையாது.

சரி, மருந்தாகத் தெளித்துவிட்டுப் போகலாமே? புழு வெளியே இருந்தால்தானே! மக்காச்சோளக் குருத்துக்குள் இலை சுருண்டிருக்கும்போது இளம்புழு ஒரு கடி கடிக்கும். இலை விரியும்போது பார்த்தால், ஊசியால் குத்தியதுபோல ஒரே வரிசையில் ஓட்டைகள். கடித்தது ஒன்று, கணக்கு ஐந்தாறு. அப்புறம் தண்டுக்குள் புகுந்துவிட்டால், துளை வாயில் மரத்தூள் மாதிரி எச்சம் மட்டும் தெரியும். ஐரோப்பியத் தண்டுத் துளைப்பான் எனும் இந்தப் புழு 1917-இல் பாஸ்டன் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான துடைப்பச் சோளத்தில் வந்திருக்கும் என்கிறார்கள். ஆமாம், துடைப்பத்தில்! 1927-இல் அதை ஒழிக்க அமெரிக்க நாடாளுமன்றம் 1 கோடி டாலர் ஒதுக்கியது. புழு அசரவில்லை.

பிறகு வந்தது துப்பாக்கி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் சான்ஃபோர்டும் கூட்டாளிகளும் உலோகத் துகள்களில் மரபணுவைத் தடவி செல்லுக்குள் சுட்டார்கள். முதலில் சுட்டது எதைத் தெரியுமா? வெங்காயத்தை! இப்படிப் பாக்டீரியாவின் விஷ மரபணுவை ஏற்றி, 1996-இல் பி.டி. மக்காச்சோளம் அமெரிக்க வயலுக்கு வந்துவிட்டது. விஷத்தைச் செடியே செய்துகொள்ளும்; தண்டுக்குள் ஒளிந்தாலும் தப்ப முடியாது.

இனிதான் வேடிக்கை. அந்த விதையை வாங்காதவர்களுக்குத்தான் லாபம் அதிகம்! துளைப்பான் ஊர் முழுக்கக் குறைந்துவிட்டதல்லவா? இல்லினாய், மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றிலும் 14 வருஷத்தில் கிடைத்த பலன் சுமார் 320 கோடி டாலர். அதில் 240 கோடிக்கு மேல் சாதா விதை போட்டவர்களுக்கே போனது என்று 2010-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. கூடுதல் காசு கொடுத்து விதை வாங்கியவர் வயிறு எரிந்திருக்கும்.

அதைவிட வேடிக்கை, புழுவுக்கென்றே வயல் விடுவது. மக்காச்சோள வட்டாரத்தில் 20 சதவீத நிலத்தில் சாதா ரகம் விதைக்க வேண்டும் என்று விதி இருந்தது. புழு தின்று கொழுக்கட்டும் என்றுதான்! விஷத்துக்கு அசையாத அந்துப்பூச்சி அபூர்வமாக ஒன்று பிழைத்தாலும், அதற்கு ஜோடியாகச் சாதாப் பூச்சிதான் கிடைக்க வேண்டும். பிறக்கும் குஞ்சு விஷத்தில் விழ வேண்டும். கல்யாணத்தைக் கெடுக்காமல் வம்சத்தைக் கெடுக்கிற தந்திரம்! தண்டுத் துளைப்பானிடம் பல வருஷம் பலித்தது. எல்லாரிடமும் பலிக்கவில்லை. 2003-இல் வந்த ஒரு ரகத்தை, புவெர்ட்டோ ரிக்கோவில் படைப்புழு 2006-லேயே ஜெயித்துவிட்டது. எந்தப் படைப்புழு? 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்டு, பின் நம் மக்காச்சோளக் குருத்தையும் குதறியதே, அதே இனம்தான். பருத்தியில் பி.டி.யை 2002-லேயே விட்ட இந்தியா, மக்காச்சோளத்தில் இன்னும் விடவில்லை.

ஆனால் மக்காச்சோள வேரைத் தின்னும் வேர்ப்புழுவுக்குப் பக்கத்தில் இவையெல்லாம் சாது. மக்காச்சோளம் ஒரு வருஷம், சோயா மறு வருஷம் என்று மாற்றிப் போட்டால் பட்டினியில் சாகும் என்று நினைத்தார்கள். இல்லினாயில் ஓர் இனம் சோயா வயலில் போய் முட்டையிட்டது. அடுத்த வருஷம் அங்கே மக்காச்சோளம்தானே! இன்னோர் இனத்தின் முட்டையோ இரண்டு குளிர்காலம் தூங்கிவிட்டு எழுந்தது. வேர்ப்புழுவுக்கென 2003-இல் வந்த பி.டி. ரகத்தையும் முதல் இனம் 2009-இல் அயோவாவில் தின்று காட்டியது.

வேரே ஆளைக் கூப்பிடும், தெரியுமா? புழு கடித்ததும் சில மக்காச்சோள ரகங்களின் வேர் மண்ணுக்குள் ஒரு வாசனையை விடும். அதை மோப்பம் பிடித்து வரும் நுண்ணிய நூற்புழுக்கள் வேர்ப்புழுவைக் கொன்றுவிடும். இதை 2005-இல் ஸ்விட்சர்லாந்தின் டெட் டர்லிங்ஸ் குழு வெளியிட்டது. அமெரிக்க ரகங்களில் பெரும்பாலானவை அந்தக் கூப்பாட்டையே மறந்துவிட்டிருந்தன! அதனால் ஆர்கனோவிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் பொருத்தினார்கள். ஆமாம், பீட்சாவில் தூவுகிற அதே இலை. மிசூரி வயலில் நூற்புழுக்களை விட்டுப் பார்த்ததில், ஆர்கனோ மரபணு ஏறிய வரிசைகளில் மண்ணிலிருந்து வெளியே வந்த வேர்ப்புழு வண்டுகள், சாதா வரிசைகளில் வந்ததில் பாதிகூட இல்லை.