கேமரா பேட்டரியைக் காப்பது எப்படி?

ஆக்ராவில் தாஜ்மகாலைப் பார்க்க ஆயிரக்கணக்கான மக்கள் வருகிறார்கள். அவர்களைப் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைக்கும் போட்டோக்காரர்கள் அங்கே உண்டு. தொல்லியல் துறையிடம் அனுமதி பெற்றவர்கள் இவர்கள். ஒரு குடும்பம் பளிங்கு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கிறது. அந்த நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்துவிட்டால் கூலி போயிற்று. அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். கையில்தான் போன் இருக்கிறதே!

இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. இது 1991-ல் விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்க உழைத்த 3 விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. செல்போனில் இருப்பதும் இதே வகைதான்.

“முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்” என்று பலர் சொல்வார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன பேச்சு. லித்தியம் பேட்டரிக்குப் பொருந்தாது. பாதி இருக்கும்போதே சார்ஜ் போடலாம். அடிக்கடி அடியோடு தீரவிட்டால்தான் அதன் ஆயுள் குறையும்.

அதைவிடப் பெரிய எதிரி வெப்பம். மே, ஜூன் மாதங்களில் ஆக்ராவில் வெயில் 45 டிகிரியைத் தாண்டுவது உண்டு. பூட்டிய காருக்குள் சூடு இன்னும் அதிகம். அங்கே பேட்டரியை விட்டு வைக்கக் கூடாது. நாள் முழுவதும் வெயிலில் இருந்த பேட்டரி தொட்டாலே சுடும். அதை உடனே சார்ஜரில் போடக் கூடாது. சூட்டோடு சார்ஜ் ஏற்றினால் உள்ளே இருக்கும் ரசாயனம் சீக்கிரம் கெடும். நிழலில் வைத்து ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு பிரிஜ்ஜில் வைப்பதும் தவறு.

ஜனவரிப் பனியில் வேறு கதை. விடியற்காலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததுபோல் தெரியும். சட்டைப் பையில் வைத்து உடம்புச் சூடு பட்டால் இன்னும் கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் அதே பையில் சாவியோ சில்லறைக் காசோ இருக்கக் கூடாது. இரும்பு இரண்டு முனைகளிலும் பட்டால் தீப்பிடிக்கலாம். அதற்காகத்தான் பேட்டரியோடு பிளாஸ்டிக் மூடி தருகிறார்கள். பலர் அதை முதல் நாளே தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

பல வாரம் வேலை இல்லையென்றால் பேட்டரியைக் கேமராவிலிருந்து கழற்றிவிட வேண்டும். பாதி சார்ஜோடு, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைக்கலாம்.

பிளாஷ் விளக்கில் போடும் பென்சில் பேட்டரியில் இரண்டு வகை உண்டு. எல்லாவற்றையும் சார்ஜ் செய்ய முடியாது. மேலே அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். சார்ஜ் செய்யக் கூடாததை சார்ஜரில் போட்டால் வெடிக்கலாம்.

உப்பிப்போன பேட்டரி ஆபத்தானது. அதை அமுக்கவோ குத்தவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிக்கும் கம்பெனிக்கு உண்டு. 2022-ல் வந்த மத்திய அரசு விதி அப்படிச் சொல்கிறது.

இரண்டு பேட்டரி வைத்திருப்பவர்கள் ஒரு சிறு வேலை செய்யலாம். காகிதத் துண்டில் 1, 2 என்று எழுதி ஒட்டலாம். வாங்கிய மாதத்தையும் எழுதலாம். எது தீர்ந்தது, எது பழசு என்று அப்போது குழப்பம் வராது.