விளிம்பைத் தாண்டியும் குதிக்கலாம்

தானா ராத்தாவிலிருந்து குனோங் ஜாசார் ஏறியிருக்கிறீர்களா? மழைக்கு மறுநாள் ஈர வேர்களின் மேல் நடந்து பாருங்கள். காலை ஓர் அங்குலம் தள்ளி வைத்தாலும் வழுக்கிவிடும். மலை தவறை மன்னிப்பதில்லை.

மலையேற்றத்தையே கதையாகக் கொண்ட ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது. பெயர் ‘செலஸ்ட்’. மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் நான்கே நாளில் செய்து பார்த்த ஒரு குட்டி விளையாட்டு வளர்ந்து, 2018 ஜனவரியில் முழு வடிவில் வெளிவந்தது. பழைய வீடியோ கேம்களைப் போலக் கட்டம் கட்டமான படம். அகலத்தில் வெறும் 320 புள்ளிகள். மெடலின் என்ற பெண்ணை உச்சிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். முள்ளில் பட்டால் உயிர் போய்விடும். ஆயிரம் தடவைக்கு மேல் செத்து உச்சியைத் தொட்டவர்கள் ஏராளம். எத்தனை தடவை என்று விளையாட்டே எண்ணி வைத்துக் காட்டும்!

இவ்வளவு செத்தும், ஆடியவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: கஷ்டம், ஆனால் நியாயம். விழுந்தது தங்கள் பிழை, விளையாட்டின் பிழை அல்ல என்கிறார்கள். ஏன்?

ஒரு சோதனை செய்யுங்கள். நண்பர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் கைவிடட்டும். அதன் கீழ்முனையில் விரல்களை விரித்துவைத்திருக்கும் நீங்கள் பிடியுங்கள். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நழுவிய பிறகுதான் பிடிபடும். அதாவது, கண் பார்த்து விரல் மூட 0.2 வினாடி போய்விட்டது. விளையாட்டில் விளிம்பு வருவது முன்கூட்டியே தெரிவதால் இவ்வளவு தாமதம் ஆகாது. ஆனாலும் விரல் சற்றுப் பிந்துவது சகஜம்.

அதைத்தான் செலஸ்ட் சத்தமில்லாமல் மன்னிக்கிறது. மெடலின் விளிம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் 0.1 வினாடிக்குள் பொத்தானை அழுத்தினால் குதிப்பு செல்லும். அவள் ஓடும் வேகம் வினாடிக்கு 90 புள்ளிகள். கணக்குப் போடுங்கள்: 9 புள்ளிகள். ஒரு கட்டத்தின் அகலமே 8 புள்ளிதான். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தரத்தில் ஓடிவிட்டுக் குதிக்கிறாள், நமக்கோ சரியாக விளிம்பில் குதித்ததாகத் தோன்றுகிறது! இதற்கு ‘கயோட்டி டைம்’ என்று பெயர். ‘ரோட் ரன்னர்’ கார்ட்டூனில் மலைமுகட்டைத் தாண்டி ஓடியும் கீழே பார்க்கும்வரை விழாத ஓநாயைப் பார்த்திருப்பீர்களே, அதன் நினைவாக வைத்த பெயர்.

எல்லாரும் ஒத்துப்போகாத விஷயமும் உண்டு. விளையாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கவும், சாகாமலே ஆடவும் இதில் ஓர் உதவி வசதி இருக்கிறது. அது ஏமாற்று என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். உருவாக்கியவர்களே முதலில் அதற்கு ‘ஏமாற்று முறை’ என்றுதான் பெயர் வைத்து, பிறகு மாற்றினார்கள். விரல்கள் வேகமாக இயங்காதவர்களும் உச்சியைப் பார்க்க அதுவே வழி என்பது எதிர்த் தரப்பு. என் ஓட்டு இவர்களுக்கே. முகம் சுளிப்பவர்களும் அந்த 0.1 வினாடியை ஒவ்வொரு குதிப்பிலும் வாங்கிக்கொண்டுதானே ஏறுகிறார்கள்?

அடுத்த முறை ஆடும்போது, வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாக அழுத்திப் பாருங்கள்.