காஜா பேராங்கில் ஒரு தமிழ்க் கம்பம்



மாசி மகம் வந்துவிட்டால் மலாக்கா வட்டாரத்துத் தோட்டங்களில் பரபரப்பு தொடங்கிவிடும். செங் சன்னாசிமலைக்குப் போக வேண்டும். காவடியோ பால்குடமோ எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடைத்தெருவைக் காட்ட வேண்டும். முருகப் பெருமான் வெள்ளி இரதத்தில் மலாக்கா நகரத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பட்டுச் சன்னாசிமலைக்கு எழுந்தருளுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பிள்ளையார் கோயிலைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டால், வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அது சரியன்று. நகரத்தார் என்று நாம் சொல்லும் செட்டியார்கள் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவர்கள். அவர்கள் வருவதற்கு முன்பே, ஏன், ரப்பர் மரம் இந்நாட்டு மண்ணில் வேர்விடுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்த கோயில் அது. அதை எழுப்பியவர்கள் மலாக்காச் செட்டிகள். அவர்களுடைய கம்பம் காஜா பேராங்கில் இருக்கிறது. பாச்சாங்கிலிருந்து அதிகத் தூரமில்லை. பல முறை அவ்வழியே போயிருந்தும் உள்ளே நுழைந்து பாராதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இன்று அந்தக் கம்பத்தின் கதையைப் பார்ப்போம்.

மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்தில் கப்பல்கள் காற்றை நம்பியே ஓடின. சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளோடு வந்த தமிழ் வணிகர்கள், ஊர் திரும்புவதற்குக் காற்று மாறும் வரை மாதக்கணக்கில் இங்கே தங்க வேண்டியிருந்தது. துணியை விற்று மிளகு, கிராம்பு, சாதிக்காய், கற்பூரம் வாங்கினார்கள். வருடா வருடம் வந்து தங்கியவர்களில் பலர் இங்கேயே வீடு கட்டி, இவ்வூர்ப் பெண்களை மணந்து குடியேறினார்கள். அந்த வழி வந்தவர்களே மலாக்காச் செட்டிகள். செட்டி என்பது இங்கே வணிகர் என்ற பொருளில் வந்த பொதுப்பெயர். பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்று பெயரோடு சேர்த்துக்கொள்ளும் குடும்பங்களும் அவர்களுக்குள் உண்டு.

அன்றைய மலாக்காவில் வெளிநாட்டு வணிகர்களின் காரியங்களைக் கவனிக்க ஷாபண்டார் எனப்படும் துறைமுகத் தலைவர்கள் நால்வர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழ்க் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு உரியவர். அவ்வளவு பெரிய வணிகம் நடந்தது.

1511-ஆம் ஆண்டில் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தார். போர்த்துகீசியர் நீனா சத்து என்று எழுதி வைத்திருக்கும் தமிழ் வணிகர் ஒருவரை இந்துக்களுக்குத் தலைவராக, பெண்டஹாராவாக நியமித்தார். ஆனால் 1514-இல் அந்தப் பதவியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் நீனா சத்து தீயில் புகுந்து உயிர்விட்டார். பிறர் கொடுக்கும் பதவியும் செல்வாக்கும் எவ்வளவு விரைவில் போய்விடும் என்பதை இது காட்டுகிறது.

1641-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். வணிகத்தைத் தங்கள் கைக்குள் இறுக்கிக் கொண்டார்கள். நாளடைவில் தமிழ் வணிகர்களின் பிழைப்பு சுருங்கியது. நகருக்குள் இருந்த குடும்பங்கள் பல காஜா பேராங் பக்கம் நகர்ந்தன. கப்பலோட்டி வணிகம் செய்தவர்களின் பிள்ளைகள் தோட்டமும் வயலும் பார்த்தார்கள். பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் படித்துக் குமாஸ்தா வேலைக்குப் போனார்கள்.

செல்வம் போயிற்று. ஆனால் ஒரு காரியத்தை அவர்கள் மறக்கவில்லை. கோயிலுக்கென்று நிலம் தேடிக்கொண்டார்கள்.

1781-ஆம் ஆண்டில் டச்சு அரசாங்கம் செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்ததுதான் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் அது ஒன்று. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சற்று நடந்தால் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். மூன்று சமயத்தாரும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வரிசையில் வழிபட்டு வருகிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்கா நகரை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டதற்கு இத்தகைய தெருக்களும் ஒரு காரணம்.

இனி காஜா பேராங்குக்கு வருவோம். கம்பத்தின் நுழைவாயில் அருகே சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பாத்திரங்கள், நகைகள், உடைகள் முதலியவற்றை அங்கே காணலாம். வீடுகளின் வாசற்படியில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கும். வீட்டுக்குள்ளே பேச்சு மலாய் மொழியில். அதில் தமிழ்ச் சொற்கள் கலந்திருக்கும். மூதாட்டிகள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். ஆனால் நெற்றியில் திருநீறு.

கம்பத்திலும் அதைச் சுற்றியும் கோயில்கள் பல. 1822-இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில் அவற்றில் முக்கியமானது. கைலாசநாதர், காளியம்மன், அங்காளம்மன் ஆகியோருக்கும் கோயில்கள் உண்டு. ஐயனாருக்குச் சிறு சந்நிதி இருக்கிறது. நம் தோட்டத்துக் கோயில்களில் உள்ள அதே தெய்வங்கள்தாம்!

மாரியம்மன் கோயிலில் சித்திரை, வைகாசியை ஒட்டிப் பத்து நாள் திருவிழா நடக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டத்தோ சாச்சார் திருவிழா. சாச்சார் என்றால் மலாய் மொழியில் அம்மை நோய். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. நோய் ஒழிந்தாலும், அந்த நோய்க்கு அஞ்சிய காலத்தில் பாட்டன்மார் வேண்டிக்கொண்ட வேண்டுதலைப் பேரப்பிள்ளைகள் கைவிடவில்லை.

பொங்கலுக்கு முதல்நாள், போகியன்று, முன்னோர்களுக்கு வாழையிலையில் உணவு படைப்பார்கள். போகிப் பர்ச்சு என்று பெயர். இலையில் இருப்பவை சம்பல், மீன், மலாய்ப் பலகாரங்கள். படைக்கும் முறையோ நம் பாட்டி செய்த முறை. பழக்காலத்தில், ஆண்டின் நடுவே, பழங்கள் வைத்து மற்றொரு படையலும் உண்டு.

நேயர்களே, இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். மொழி மறந்த பிறகும் இவர்களை ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு சமூகமாகக் கட்டிவைத்தது எது? இரண்டு காரியங்கள். ஒன்று, கோயிலும் அது நிற்கும் நிலமும். மற்றொன்று, ஆண்டு தவறாமல் செய்யும் சடங்கு. நிலம் இருந்ததால் கூடுவதற்கு இடம் இருந்தது. சடங்கு இருந்ததால் கூடுவதற்குக் காரணம் இருந்தது. அண்மைக் காலத்தில் கம்பத்தின் அருகே உயரமான கட்டடங்கள் கட்டத் திட்டம் வந்தபோது, கம்பத்து மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததும் இதனால்தான்.

இதை நம் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1896-இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அதன்பின் தோட்டம் தோட்டமாக நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். காட்டை வெட்டினார்கள், பால் வெட்டினார்கள், லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். ஆனால் கோயில் நின்ற நிலம் தோட்டத்துடையது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயமும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று, பல இடங்களில் கோயிலும் போயிற்று. இந்த ஆபத்தை உணர்ந்துதான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார்.

செட்டிகளுக்குத் தமிழ் போயிற்று, நிலம் நின்றது. நமக்குத் தமிழ் நின்றது, நிலம் பல இடங்களில் போயிற்று. இரு சாராரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

நம்மால் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கோயில் கமிட்டியாரிடம் கேளுங்கள். பத்திரம் இருந்தால் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். கோயில் எந்த ஆண்டில் எழுந்தது, முதல் பூசாரி யார், முதல் ஆசிரியர் யார், எந்தக் கிணறு யார் வெட்டியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பிள்ளைகளின் கையால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெய்வநாயகம் செட்டியின் பெயரை இன்று நாம் சொல்ல முடிகிறதென்றால், அதை யாரோ எழுதி வைத்ததால்தான். நம் தோட்டத்துக் கோயிலுக்கு முதல் கல் சுமந்த கிழவியின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

அடுத்த முறை நகரத்துக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு காஜா பேராங்கில் இறங்குங்கள். மாரியம்மனைக் கும்பிடுங்கள். கம்பத்துப் பெரியவர் எவரேனும் மலாயில் பேசினால் நீங்களும் மலாயில் பேசுங்கள். பேச்சு வேறாக இருந்தாலும் கைகூப்புவது ஒன்றாகவே இருக்கும்.